மாமா அடித்த நீலப் பம்ப்

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு ஆஸ்துமா. எனக்கும், கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் தாய்மாமாவுக்கும். இருவரிடமும், மூச்சு முட்டினால் வாயில் வைத்து மருந்தடிக்கும் ஒரே மாதிரியான நீலப் பம்ப். எனக்கு இளைத்தால் அம்மா உடனே அடித்துவிடுவார். மாமா அடிக்கமாட்டார். முழங்காலில் கையூன்றிக் குனிந்து உட்கார்ந்து, சூடான தேநீரை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மூச்சுவிடுவார்.

"சும்மா சும்மா அடிச்சா ஒடம்பு பழகிரும் லா. நெசமா முட்டும்போது மருந்துக்குக் கேக்காது" என்பார். வீட்டில் அதை நம்பியது நான் ஒருத்திதான். எனக்கு அவர் வீரர்.

நான்காம் ஆண்டு படிக்கும்போது புகைமூட்டம் வந்து பள்ளியை மூடினார்கள். பிரிக்பீல்ட்ஸில் பெரியம்மா வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டு இருக்க ஏர்கோன் இருந்ததால், என்னை அங்கே விட மாமா ரயிலில் அழைத்துப் போனார். இறங்கி ஸ்டேஷன் படியேறும்போதும் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். பாதிப் படியில் எனக்கு இளைத்தது. அப்படியே உட்கார்ந்து, அவரைப் போலவே முழங்காலில் கையூன்றி உதட்டைக் குவித்தேன். மாமா என் பையிலிருந்து பம்ப்பை எடுத்து நீட்டினார்.

"அடிம்மா."

"வேணாம் மாமா... பழகிரும்."

கெஞ்சினார், அதட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. என் உதடு நிறம் மாறிவிட்டதாகப் பிறகு அம்மாவிடம் சொன்னாராம். சட்டென்று தன் சட்டைப்பையிலிருந்த பம்ப்பை எடுத்துக் குலுக்கினார்.

"ஐயோ, எனக்கும் முட்டுதே! நான் தோத்துட்டேன் லா. வா, சேந்து அடிப்போம்."

இரண்டு முறை அடித்துக்கொண்டார். நானும் அடித்தேன். மெல்ல மெல்லக் காற்று உள்ளே போனது.

அடுத்த வாரம் கிளினிக்கில் மாமா தன் சந்தேகத்தை டாக்டரிடமே கேட்டார்.

"நீலத்தையே நம்பி தினமும் அடிச்சா கொஞ்சம் பழகத்தான் செய்யும் அண்ணே. அதுக்காக முட்டும்போது அடிக்காம இருந்தா உயிருக்கே ஆபத்து. அடிக்கடி தேவைப்படுதுன்னா, மூச்சுக்குழாய் உள்ளுக்குள்ள வீங்கியிருக்குன்னு அர்த்தம்" என்றார் டாக்டர். வீக்கத்துக்கு இருவருக்கும் தினசரி பிரவுன் பம்ப் கொடுத்தார். அன்றிலிருந்து மாமா அதை அடித்து வாய் கொப்பளிக்காமல் லோரியில் ஏறியதில்லை.

இளைக்கிற நெஞ்சோடு சீட்டியடித்துக்கொண்டு படியேற முடியாது. அதே நோய் உள்ள எனக்கு இது அன்றே உறைத்திருக்க வேண்டும். நிஜமாக முட்டும் நாளுக்கென்று அவர் தொடாமல் காத்துவந்த மருந்து அது. நானோ, மாமா என்னிடம் தோற்றுவிட்டார் என்று அன்று பெரியம்மா வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார்.