ஓட்டை அடைத்த நேசம்மாள்

கீரிப்பாறையில் இருபத்தாறு வருஷமாக ரப்பர் பால் வெட்டுகிறவள் நேசம்மாள். உலகத்தில் அவளுக்கு ஆகாத ஒன்று உண்டென்றால் அது பால் பிடிக்க மரத்தில் கட்டுகிற ஓட்டைச் சிரட்டைதான். மரத்தில் வடிகிற பாலெல்லாம் மண்ணுக்குப் போனால் வயிறு எரியாதா?

மருமகள் ரெஜிலா முதல் பிரசவத்துக்குப் புதுக்கடையிலுள்ள அம்மா வீட்டுக்குப் போகும்போது, ஜன்னலில் வைத்திருந்த ஏழு சின்னத் தொட்டிகளை மாமியாரிடம் ஒப்படைத்தாள். குண்டு குண்டு இலைகளோடு சதைச்செடிகள். சக்குலன்ட் என்று பேராம், நேசம்மாள் வாயில் அது நுழையவில்லை. ஒரு தொட்டியைத் தூக்கிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடியில் ஓட்டை. ஏழிலும் ஓட்டை. எந்தக் கூறுகெட்டவன் இதை விற்றானோ என்று திட்டிக்கொண்டே, ஒன்று விடாமல் ரப்பர் பாலை ஊற்றி அடைத்தாள்.

பத்தே நாளில் அடியிலைகள் மஞ்சளித்து, தொட்டால் கையோடு வந்தன. தாகம் போலிருக்கிறது என்று இன்னொரு செம்பு தண்ணீர் விட்டாள். தண்டும் கொழகொழத்தது.

"கொன்னுட்டியா?" என்றார் கணவர் சுந்தரராஜ், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

"நீரு சும்ம கெடயும்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழு செடியைப் பார்க்கத் தெரியாதவள் கையில் ரெஜிலா பிள்ளையைக் கொடுப்பாளா?

ஒன்றைக் கவிழ்த்தாள். தண்ணீர் இறங்க வழியில்லாமல் மண் சேறாகி, வேர் கறுத்து நாறியது. மழைக்காலத்தில் ரப்பர் மரத்துப் பட்டை அழுகும் அதே நாற்றம். அதற்கு வைத்தியம் அவளுக்கு அத்துப்படி. பால் வெட்டும் கத்தியைத் தீட்டி, கறுப்பு மறையும்வரை தண்டுகளை நறுக்கினாள். உதிர்ந்ததில் நல்ல இலைகளையும் சேர்த்து ஐந்து நாள் நிழலில் காயப்போட்டாள். ஓட்டைகளை ஆணியால் குத்தித் திறந்து, பாதிக்குப் பாதி மணல் கலந்து நட்டாள். அதன்பிறகு விரலை விட்டுப் பார்த்து, மண் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். போகப்போக வெறும் இலைகூடக் குருத்து விட்டது.

ஐந்து மாதம் கழித்து ரெஜிலா குழந்தையோடு வந்திறங்கி, நேரே ஜன்னலுக்குப் போனாள். பதினாறு செடிகள். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தவள், குழந்தையை மாமியார் மடியில் கிடத்தினாள்.

"மாமி, கோவிக்கப்பிடாது. நான் வைக்குத செடி ஒண்ணும் பொழைக்காது. இதுவளும் போயிரும்னு தெரிஞ்சுதான் ஒங்ககிட்ட தந்தேன். பழி ஒங்க தலையில விழட்டும்னு."

நேசம்மாள் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"போட்டும் மக்கா. நான் ஆருட்டயும் சொல்ல மாட்டேன்," என்றாள் பெரிய மனசோடு.

சொல்லிவிட்டுச் சுந்தரராஜை ஒரு பார்வை பார்த்தாள். அவர் திறந்த வாயை மூடிக்கொண்டு பேப்பரைப் பிரித்தார்.