மூன்று பெயர் சொல்லி ஊற்றிய தண்ணீர்

காலை ஆறேகால் மணிக்கு எங்கள் மகள் பால் குடிப்பதை நிறுத்தினாள். உதடு நீலமாகத் தொடங்கியது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாற்பதைத் தாண்டி எங்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை. கூலி உயர்வு கேட்டு அறுப்பை நிறுத்தியவர்களுக்கும் மிராசுதாரின் ஆட்களுக்கும் மோதலாகி, திருத்துறைப்பூண்டிச் சாலை அடைபட்டிருந்தது. டாக்டரும் வர முடியாது, சர்ச் சாமியாரும் வர முடியாது.

"ஞானஸ்நானம் இல்லாம போயிடுவாளேங்க. ஆபத்துன்னா யாரும் குடுக்கலாம், நீங்க ஊத்துங்க" என்றாள் மனைவி. செம்பை எடுத்தேன். அவள் என்னையே பார்த்தாள். "ஒரே கடவுள்ல மூணு பேர்னு பைபிள்ல எங்க இருக்குன்னு டீக்கடையில மல்லுக்கட்டுவீங்களே, இப்ப யார் பேரச் சொல்லி ஊத்தப்போறீங்க?"

சரித்திர ஆசிரியன் நான். அந்த வாதத்தில் தோற்றதே இல்லை. ஆனால் அந்த நொடியில் இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் ஆறு மட்டுமே நினைவுக்கு வந்தது. மகன் தண்ணீரில் நிற்கிறார், ஆவி புறாவைப் போல இறங்குகிறார், தந்தை வானத்திலிருந்து தன் பிள்ளை என்கிறார். திரித்துவம் என்ற சொல் பைபிளில் இல்லைதான். மூவரும் அங்கே இருந்தார்களே! மத்தேயு நற்செய்தியின் முடிவில் இயேசு சொன்னபடியே பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று சொல்லி ஊற்றினேன். என் வாயா அது என்று திடுக்கிட்டேன். குளிர்ந்த நீர் பட்டதாலோ என்னவோ, மகள் வீறிட்டு அழுதாள்.

இன்றும் அவள் தும்மினால் ஓடிப்போய் உதட்டைப் பார்ப்பேன்.

மதியம் சாமியார் டாக்டரை அழைத்துக்கொண்டு வரப்பு வழியாகச் சேற்றுக் காலோடு வந்தார். டாக்டர் குழந்தையைப் பார்க்க, சாமியார் என்னிடம் கேட்டார்: "யார் பேரால ஊத்தினீங்க சார்?"

சொன்னேன்.

"அப்ப ஞானஸ்நானம் முடிஞ்சுது. நான் திரும்ப ஊத்தக்கூடாது. பிள்ளைக்கு என்ன பேரு வச்சீங்க?"

நாங்கள் இருவரும் விழித்தோம். அதை மறந்தே போயிருந்தோம்.

அவர் சிரித்துவிட்டார். "பரவாயில்ல. கடவுள் பேரச் சொல்லியாச்சு. புள்ள பேர மெதுவா யோசிங்க."