குட்டையில் நான் விட்ட நாற்பது மீன்

1. எண்ணுகிற வேலை

ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் முப்பது வருஷம் தோல் ஊறவைத்தேன். இடுப்பு போனதும் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். அப்புறம் வேலூரில் காலேஜில் கணக்கு நடத்தும் மேடம் கூப்பிட்டார். எங்கள் ஊர்க் குட்டையில் வாரம் ஒருநாள் வலை போட்டு, பொடிமீனை எண்ணிச் சொல்லணும். டேனரி உப்புத் தண்ணி கசிந்த குட்டை அது.

"மீன எண்ணி இன்னா பண்ணுவீங்க மேடம்?"

"உப்பால மீன் குறையுதுண்ணா. உப்பத் தாங்குற மீனுங்க பெருகறது முந்துமா, மொத்தமும் அழியறது முந்துமா? அதான் என் கணக்கு."

கம்ப்யூட்டரில் மீன் எண்ணிக்கைக் கோடு ஒன்று காட்டினார். இறங்கிக்கொண்டே போய், தரை தட்டுவதற்கு முன் வளைந்து ஏறியது.

"இது நான் போட்டது. நெஜம் குட்டைதான் சொல்லணும்."

2. லாட் நிரப்பியது

வாரா வாரம் குறைந்தது. ஒரு வாரம் பதினொன்று. அடுத்த வாரம் ஆறு. எப்படியாவது நிரப்பிவிடணும் என்று தோன்றியது.

டேனரியில் ஒரு லாட்டில், அதாவது ஒரு தடவைக்கு ஊறப்போடும் கட்டில், தோல் குறைந்தால் பக்கத்து லாட்டிலிருந்து போட்டு நிரப்புவோம். அதே பழக்கம். ஆலங்காயம் பக்கம் ஓடையில் அதே ஜாதி மீன் நாற்பது பிடித்துவந்து விட்டேன். எண்ணித்தான் விட்டேன்.

மறுநாள் வலையில் இருபத்துமூன்று. போனில் சொன்னேன்.

"ஏறுதுண்ணா! கோடு ஏறுது!"

அவர் சந்தோஷத்தைக் கேட்க முடியவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"ஏண்ணா இப்டி பண்ணீங்க?"

"ரொம்ப கம்மியா இருந்திச்சு மேடம்."

"கம்மியாவே இருந்திருக்கலாம். இதுங்க குஞ்சும் கலந்துட்டா, குட்டை மீன் தானா தாங்குச்சான்னு எப்டி சொல்லுவேன்? ரெண்டு வருஷ வேலைண்ணா."

3. முப்பத்தெட்டு

ஓடை மீன் கறுப்பு. குட்டை மீன் வெளுப்பு. தினம் காலையில் போய் நின்றேன். கறுப்பு மீன்கள் உப்பு தாங்காமல் செத்து மிதந்தன. பொறுக்கி எண்ணினேன். முப்பத்தெட்டு. மீதி ரெண்டு கிடைக்கவே இல்லை. கொக்கு தின்றதோ, பிழைத்துக் கலந்ததோ.

சில மாசம் கழித்துக் கரையோரம் குஞ்சுகள் தெரிந்தன. எல்லாம் வெளுத்தவை. எண்ணிக்கை ஏறியது. மேடம் வந்து பார்த்தார். குட்டையின் கோடும் அவர் கோடும் ஒன்றாகவே வளைந்தன. வளைவில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

"அது இன்னா மேடம்?"

"உங்க ரெண்டு மீனுண்ணா. மறைக்கக் கூடாது இல்ல?"

எண்ணுகிற வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குறைந்தால் குறைந்தது என்று சொல்லுங்கள். நிரப்பாதீர்கள்.

இன்னும் போகிறேன். வலையில் வருவதை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறேன், கறுப்பு இருக்கிறதா என்று. இதுவரை இல்லை.