கொடியில் காய்ந்த எக்ஸ்ரே

என் அம்மாவின் நெஞ்சு எக்ஸ்ரே ஆற்றங்கரையில் துணிக்கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ரப்பர் கையுறைகளுக்கு நடுவே பச்சை கிளிப் ஒன்று அதன் மூலையைக் கவ்வியிருந்தது. காலை வெயில் பின்னாலிருந்து அடித்ததில் அம்மாவின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருந்தது. கீழ்மூலையில் வெள்ளை எழுத்தில் அம்மாவின் பெயர், அடுத்து இன்னார் மகள் என்பதற்கான ஏ/பி, அடுத்து என் தாத்தாவின் பெயர். நான் அப்போது கையில் மைக்கோடு ஐம்பது பேருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆற்றில் குப்பை போடுகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அது எப்படி அங்கே வந்தது என்பதற்கு முன்னால் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் பின்புறம் ஓர் ஆறு ஓடுகிறது. ஆறு என்று சொல்வதற்கே ஒரு காலத்தில் கூச்சமாக இருக்கும். பலரும் அதைப் பெரிய லோங்கான் என்றே சொல்லிவந்தார்கள், சாக்கடை என்று அர்த்தம். அந்த ஆற்றில் சனிக்கிழமை தோறும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்குபவர் அக்கா. பண்டமாரானில் வீடு, துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலை. என்னைவிட அவருக்கு வயது கூடவா குறைவா என்று தெரியாது. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்பதை இருவரும் தீர்த்துக்கொள்ளவே இல்லை.

முதலில் அக்கா தனியாகத்தான் இறங்கினார். பிறகு சம்பான் என்ற சிறு படகு வைத்திருந்த ஒரு மலாய் மீனவர் சேர்ந்துகொண்டார். எல்லோருக்கும் அவர் பாக் சிக், மலாயில் மாமா. அதன்பின் ஒவ்வொருவராக வந்து எட்டுப் பேர் ஆனார்கள். காலி நீலப் பீப்பாய்களைக் கயிற்றால் கோத்து ஆற்றின் குறுக்கே கட்டினார்கள். அதில் வந்து மோதும் பாட்டில், மெத்தை, டயர், பாம்பர்ஸ் எல்லாவற்றையும் கொக்கி வைத்து இழுத்துக் கரையேற்றினார்கள். கரையில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கொட்டகை. அதன் உள்ளே ஒரு தட்டு முழுக்கச் சாமி படங்கள். ஆற்றில் மிதந்து வந்த முருகன், அம்மன், பிள்ளையார், இயேசுகூட ஒருவர் இருந்தார். அக்கா அவற்றைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்திருப்பார். அவர்கள் இறங்கிய சில வருடங்களில் நாற்றம் குறைந்தது, கொக்கு வந்தது, ஒரு நாள் உடும்பு ஒன்று கரையில் வெயில் காய்வதைப் பார்த்து ஊரே போன் எடுத்துக்கொண்டு ஓடியது. ஓடியவர்களில் நானும் ஒருவன். படம் எடுத்து, "நமது ஆறு" என்று எழுதி எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நமது என்று எழுதும்போது விரல் கூசவில்லை.

நான் அந்தக் கோயிலின் செயலாளர். போர்ட் கிள்ளானில் சரக்குக் கப்பல்களின் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலை. இருபது வருடமாகத் துறைமுகத்தில் இருந்தும் கடல் ஏறுவதும் இறங்குவதும் எனக்குக் காகிதத்தில்தான் தெரியும். அக்காவுக்கு அது உடம்பில் தெரியும். எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும், எப்போது இறங்கும் என்று கேட்ட உடனே சொல்வார். "ஆத்துல விட்டா கடலுக்குப் போயிரும்னு நெனச்சிக்கிறாங்கண்ணே. கடல் வாங்கிக்காது. காலையில குடுத்தா சாயங்காலம் தள்ளி வுட்டுரும்" என்று கோயிலில் ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். தலையை ஆட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

அம்மாவுக்கு அக்காவை நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டுவார்கள். அம்மாவால் நடக்க முடியாமல் போனபின் சக்கர நாற்காலியைப் படியேற்றிக் கொண்டுபோனதும் அக்காதான். நான் கமிட்டி வேலையில் இருப்பேன். அம்மா இறந்தபோது அக்கா இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை என் மனைவி அம்மாவின் சாமான்களையெல்லாம் ஒரு பெரிய கறுப்புப் பையில் போட்டுக் கட்டினாள். பாய், தலையணை உறை, மாத்திரை டப்பாக்கள், க்ளினிக் பை, அலமாரியை நகர்த்தியபோது கண்ணாடி உடைந்துபோன முருகன் படம். "உடைஞ்ச சாமி படத்த குப்பையில போடக் கூடாதுங்க. ஆத்துல விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருங்க" என்றாள். எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம், தெருவில் பாதி வீடுகளிலும் அப்படித்தான். நான் பையைக் காரில் வைத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அக்காவின் கொட்டகை அங்கிருந்து தெரியும். அன்று வேலைநாள், யாரும் இல்லை. யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். செய்வது தப்பில்லை என்று நினைத்திருந்தால் எதற்குப் பார்த்தேன்? கைப்பிடிச் சுவருக்கு மேலே பையைத் தூக்கித் தள்ளினேன். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினேன். அவ்வளவு வசதியான வழக்கத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கோயில் சார்பில் ஆற்றங்கரையில் கோத்தோங் ரோயோங் ஏற்பாடு செய்தோம். ஊர் கூடித் துப்புரவு செய்யும் நாள். கோயில் பெயர் போட்ட டி-சர்ட், பேனர், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள், மைக் செட். எல்லா ஏற்பாடும் என்னுடையது. வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக, போன வாரம் ஆற்றில் கிடைத்த சாமான்களைக் கழுவிக் கொடியில் தொங்கவிட்டிருந்தார்கள். தொங்கவிட்டவர் பாக் சிக்.

அக்கா வலதுகையில் பெரிய கட்டுப் போட்டிருந்தார். "என்னாக்கா ஆச்சு?" என்றேன்.

"போன சனிக்கிழம சேத்துல பொதஞ்சி கெடந்த ஒரு பைய அறுத்தேன்ணே. உள்ள முருகன் படம், கண்ணாடி ஒடஞ்சிருந்திச்சி. பாக்கல. நரம்புல பட்டிருச்சி. நேரா ஆஸ்பத்திரிதான்."

ஊரில் எத்தனை முருகன் படம் உடைகிறது என்று உடனே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மைக்கை எடுத்தேன்.

நன்றாகப் பேசினேன். அதுதான் கேடு. நதியைத் தாய் என்றேன். தாயின் மேல் குப்பை கொட்டுவாயா என்றேன். கூட்டம் அமைதியாகக் கேட்டது, எனக்குச் சுதி ஏறிவிட்டது. பக்கத்தில் நின்ற அக்காவின் கட்டுப் போட்ட கையைப் பிடித்து எல்லோருக்கும் தெரியும்படி உயரே தூக்கினேன். "இந்தக் கையப் பாருங்க! இதைச் செஞ்சவன் மனுசனா?" என்றேன். கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கட்டும் என்று சற்றே திரும்பியபோதுதான் கொடியைப் பார்த்தேன்.

க்ளினிக் பைக்குள் எக்ஸ்ரே இருந்தது என்பதே எனக்குத் தெரியாது. நான் அந்தப் பையைத் திறந்து பார்க்கவில்லை. அம்மாவின் எந்தச் சாமானையும் நான் திறந்து பார்க்கவில்லை. அக்காவின் கை இன்னும் என் கையில்தான் இருந்தது. நான் எதைப் பார்க்கிறேன் என்று அவரும் பார்த்தார். மூலையில் இருந்த பெயரை அவர் வாசிப்பதை நான் பார்த்தேன். உதடு லேசாக அசைந்தது. பிறகு தன் கையை என் பிடியிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டார்.

அக்கா கொடியருகே போய் இடதுகையால் கிளிப்பை எடுத்து, எக்ஸ்ரேயைச் சுருட்டிக் கொட்டகைக்குள் கொண்டுபோனார். நான் பேச்சைத் தொடர்ந்தேன். ஆம், தொடர்ந்தேன். நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னேன். படத்துக்கு நின்றேன். அந்தப் படம் கோயில் அலுவலகத்தில் இன்னும் மாட்டியிருக்கிறது. அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அதன்பின் அக்காவைக் கண்டால் ஒளிய ஆரம்பித்தேன். கோயிலுக்குப் பின்வாசல் வழியாக வந்து போனேன். கமிட்டிக் கூட்டம் இல்லாத நாட்களிலும் கூட்டம் இருப்பதுபோல அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் யாரிடமாவது சொல்லிவிடுவாரோ என்று முதலில் பயந்தேன். சொல்லவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியானேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை மண்டபத்து ஜன்னல் வழியாக அவர் பூ கட்டுவதைப் பார்த்தேன். வலதுகையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை, குச்சிபோல நீட்டிக்கொண்டிருந்தன. நாரின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு இடதுகையால் முடிச்சுப் போட முயன்றுகொண்டிருந்தார். பூ உதிர்ந்தது. மறுபடி எடுத்து வைத்தார். பக்கத்தில் அம்மா உட்காரும் இடம் காலியாக இருந்தது. கிடங்கில் பெட்டி கட்ட முடியாததால் அவரைத் தரை கூட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் "பைய நான்தான கட்டுனேன்" என்று அழுதாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பண்டமாரானில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்தார், உள்ளே வரச் சொன்னார், உட்காரச் சொல்லவில்லை. அறைக்குப் போய் மெத்தைக்கு அடியிலிருந்து எக்ஸ்ரேயை எடுத்து வந்தார். சுருள் நீங்குவதற்காக அங்கே வைத்திருந்தாராம்.

"நீங்களே வந்து கேப்பீங்கன்னு வச்சிருந்தேன். நாலு மாசம் ஆவுது" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். என்னென்னவோ உளறினேன். ஆஸ்பத்திரி, வைத்தியம், வேண்டிய உதவி என்று ஆரம்பித்ததும் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். மடங்காத அந்த இரண்டு விரல்களும் என் முகத்துக்கு நேரே நின்றன.

"கை போனதுக்கு எனக்குக் கோவம் இல்லண்ணே. ஆத்துல எறங்கினா படும், தெரிஞ்சிதான் எறங்குறேன். நீங்க அதத் தூக்கிக் காட்டுனீங்க பாருங்க, சந்தையில கோழியத் தூக்கிக் காட்ற மாதிரி. அதான் எனக்குப் பொறுக்கல. பேரப் பாத்தப்புறமாச்சும் நிறுத்துவீங்கன்னு பாத்தேன். நீங்க நன்றி சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

நான் தரையைப் பார்த்தேன்.

"எங்கிட்ட சொல்லி என்னா? மைக்குல பேசுனத மைக்குலயே பேசுங்க" என்றார். எக்ஸ்ரேயை என்னிடம் கொடுக்கும்போது மட்டும் குரல் இறங்கியது. "பத்தரமா வைங்க. அம்மாவோடது."

அடுத்த வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் மைக்கைப் பிடித்தேன். இந்த முறை நன்றாகப் பேசவில்லை. அந்தப் பை என்னுடையது, அந்தக் கண்ணாடி என் வீட்டுக் கண்ணாடி, தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். பிறகு கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்து வந்து என் தோளில் தட்டினார். "பரவால்லலா, எல்லாரும் செய்யறதுதான்" என்றார். இன்னும் நாலு பேர் வந்து கையைக் குலுக்கினார்கள். பெரிய மனசு என்றார்கள். எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள். கடைசி வரிசையில் நாரைப் பல்லில் கடித்தபடி உட்கார்ந்திருந்த அக்காவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒப்புக்கொண்டதற்கும் எனக்குத்தான் மாலை விழுந்தது. வெட்கக்கேடு.

அந்த வருடக் கடைசியில் செயலாளர் பதவியை விட்டேன். அதற்கு முந்தின சனிக்கிழமையே பூட்ஸ் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போயிருந்தேன். அக்கா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு கொக்கிக் கம்பை நீட்டினார். இப்போது இரண்டு வருடமாகிறது. பாக் சிக் சம்பானில் நின்று "அய்ர் நாய்க்!" என்று கத்தினால் தண்ணீர் ஏறுகிறது என்று எனக்கும் புரிகிறது. பாலத்தில் கார் ஒன்று மெதுவாகப் போனால் என் முதுகு தானாகக் குனிகிறது. நான் அந்தக் காருக்குள்தான் இருக்கிறேன் என்று தோன்றுகிறது.

எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. கரையேற்றிய எந்தப் பையையும் உடனே அறுப்பதில்லை. முதலில் கம்பால் இரண்டு தட்டு தட்டி, காதைக் கொடுத்துக் கேட்போம். கண்ணாடிச் சத்தம் வந்தால் பையை ஓரமாக வைத்துப் பொறுமையாகத் திறப்போம். என் பை வருவதற்கு முன்னால் அந்தப் பழக்கம் அங்கே இல்லை. அதன்பின் அக்கா கொண்டுவந்தது அது.

ஆட்கள் இப்போது கூடிவிட்டார்கள். மாதத்துக்கு ஒருவராவது புதிதாக வருகிறார்கள். தூரத்துச் செலாயாங்கிலிருந்துகூட ஒரு தம்பதி பார்த்துப் போக வந்தார்கள். வருகிறவர்கள் எப்படியும் கேட்டுவிடுகிறார்கள்: "ஏன் தட்டிப் பாக்குறீங்க?" அந்தக் கேள்விக்கு அக்கா பதில் சொல்வதே இல்லை. வேலையை நிறுத்தாமல் தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்ப்பார். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அது பழகவில்லை. ஒவ்வொரு முறையும் காது சுடுகிறது. கம்பைக் கீழே வைத்துவிட்டு, கையுறைகள் காயும் அந்தக் கொடியைக் காட்டி ஆரம்பிப்பேன். "அங்கதான் எங்கம்மாவோட எக்ஸ்ரே தொங்கிக்கிட்டு இருந்திச்சி."