முழங்கைத் தழும்பு

என் தங்கை சைமி பதினாறு படங்களில் நடித்தவள். ஒவ்வொன்றையும் நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். தம்பரேயில் பஞ்சாலையில் துணி சரிபார்க்கும் வேலை எனக்கு. என் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அவள் ஹெல்சிங்கிக்கு ரயில் ஏறினாள்.

“அழுக்காக்காம திருப்பிக் கொண்டு வாடி.”

“அழுக்காக்கமாட்டேன்க்கா. அடகு வேணா வெப்பேன்.”

கோட்டு திரும்பி வரவில்லை. புகழ் வந்தது.

1944 பிப்ரவரியில், போருக்குப் பயந்து குழந்தைகளை ஸ்வீடனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளைக் கூட்டிப்போகும் பொறுப்பைச் சைமி தானாகக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு குழந்தையின் கழுத்திலும் பெயர் எழுதிய அட்டை தொங்கும். துர்கு துறைமுகத்தில் பத்திரிகைப் படக்காரர் ஒருவர் அவள் மடியில் இருந்த இரண்டு சிறுமிகளையும் பார்த்தார். இருவருக்கும் மூன்று வயது, ஒரே வெளிர் முடி.

“இந்த அட்டையக் கழட்டிருங்களேன். சந்தைக்கு ஓட்டிட்டுப் போற கன்னுக்குட்டிங்க மாதிரி இருக்கு.”

சைமி கழற்றினாள். படம் எடுத்து முடிப்பதற்குள் கப்பல் சங்கு ஊதியது. அவசரமாக மாட்டிவிட்டாள்.

போர் முடிந்த மறு வருடம் ஹெல்வி என்கிற நெசவுக்காரி ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். ஊருக்கு வந்திருந்த சைமியிடம் பத்திரிகையில் வந்த துறைமுகப் படத்தை நீட்டினாள்.

“படத்துல இருக்கிறது நீங்கதானே? இவளை ரைலின்னு சொல்லிக் குடுத்தாங்க. இவ என் ரைலி இல்ல. ரைலிக்கு முழங்கையில அடுப்பு சுட்ட தழும்பு இருக்கும்.”

ஸ்வீடன் மொழி மட்டுமே பழகியிருந்த சிறுமி எங்கள் பேச்சு புரியாமல் விழித்தாள். அவள் அந்த மற்றொரு குழந்தை, ஐலா. ஐலாவுக்குத் தாய் தகப்பன் யாரும் மிஞ்சவில்லை. அதனால் ஐலாவின் அட்டையோடு போன ரைலியை யாரோ தத்தெடுத்து, பெயரையும் மாற்றிவிட்டார்கள்.

அதன்பின் படப்பிடிப்பு இல்லாத நாளெல்லாம் சைமி ஸ்வீடனில்தான். ரைலியைத் தேடப்போய், மற்றவர்களின் பிள்ளைகள் அறுபத்துமூன்று பேரைக் கண்டுபிடித்துப் பெற்றோரிடம் சேர்த்தாள். பதக்கம் கொடுத்தார்கள். தேவதை என்று எழுதினார்கள். போகிற இடமெல்லாம் அந்தத் துறைமுகப் படத்தை நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள். போட்டுக்கொடுத்தாள். டிராமில் எந்தப் பெண் பிள்ளை எதிரே உட்கார்ந்தாலும் சைமியின் கண் முழங்கைக்குத்தான் போகும்.

1958இல் ஸ்வீடனிலிருந்து ஒரு பாதிரியார் எழுதினார்: நீங்கள் தேடுவது இந்தப் பெண்ணாக இருக்கலாம். சைமி கடிதத்தோடு ஹெல்வி வீட்டுக்குப் போனாள். நானும் கூட இருந்தேன். உள்ளறையில் ஹெல்வியே வளர்த்த பதினேழு வயது ஐலா பாடிக்கொண்டே துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“கூட்டிட்டு வந்துடறேன் ஹெல்வி. உங்க பொண்ணு.”

ஹெல்வி காப்பியை ஊற்றிவிட்டுக் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

“உள்ள பாடறாளே, அப்ப அவ யாரு? அவகிட்ட நான் இன்னும் சொல்லவே இல்ல. அந்தப் பொண்ணு வந்து நின்னா இவ எங்க போவா?” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அவதானா, உயிரோட இருக்காளான்னு மட்டும் பாத்துட்டு வாங்க. ஊர் பேரைக்கூட எங்கிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா நானே போயிடுவேன்.”

நாங்கள் இருவரும் பாதிரியார் எழுதியிருந்த இடத்துக்குப் போனோம். அது ஒரு துணிக்கடை. அந்தப் பெண் சிரித்த முகத்தோடு இரண்டு மீட்டர் அளந்து வெட்டினாள். அவளுடைய சட்டைக் கை முழங்கையை மூடி மணிக்கட்டுவரை இறங்கி, பொத்தான் போட்டிருந்தது. சைமி அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னாள். தெருவுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்தாள்.

“அக்கா, என்னால முகத்தைத் தவிர வேற எதையும் பாக்க முடியல. நீ பாத்தியா?”

அவள் உதடு வெளுத்திருந்தது.

“பாத்தேன்.”

“இருந்துச்சா?”

“இருந்துச்சு. இடது முழங்கையில.”

சைமி அங்கேயே நின்று அழுதாள். எந்தப் படத்திலும் அவள் அப்படி அழுததில்லை.

ஊர் திரும்பியதும் ஹெல்வி என்னைத்தான் கேட்டாள். சைமியிடம் கேட்க அவளுக்குப் பயம்.

“நிஜமா தழும்பைப் பாத்தீங்களா?”

“பாத்தேன்” என்றேன். எவ்வளவு பெரியது என்று கேட்டாள். கட்டைவிரல் நகம் அளவு என்றேன்.

ஹெல்வி என்னையே பார்த்தாள்.

“கொஞ்சம் பெருசா இருந்துச்சு” என்றாள். “வளர வளரச் சுருங்கியிருக்கும்.”