வட்டம் போட்ட கதவுகள்

என் சித்தி சிரித்த முகத்தோடு வருகிறவர்களை நம்புவதில்லை. கோபமாக வருகிறவனிடம் என்ன வேண்டும் என்று கேட்டுவிடலாம், சிரித்துக்கொண்டு வருகிறவன் எதை எடுத்துப்போக வந்தான் என்பது அவன் போன பிறகுதான் தெரியும் என்பாள். சில வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அவள் வாசலில் பெட்டியோடு போய் நின்றபோதும், கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டுதான் பேசினாள்.

"திரும்பிப் போற டிக்கெட் எங்கே?"

"எடுக்கல சித்தி."

"வேலையை விட்டுத் துரத்திட்டாங்களா?"

"இல்ல. உன்னைப் பார்க்கணும்னு தோணிச்சு."

"இத்தனை வருஷமா தோணாதது எப்படி இப்ப தோணிச்சு?"

ஒருவழியாக உள்ளே விட்டாள். மறுநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது பெட்டியின் ஜிப் நான் விட்ட இடத்தில் இல்லை. கேட்டதற்கு, "அழுக்குத் துணி இருந்தா துவைக்கலாம்னு பார்த்தேன்" என்றாள். துணி எதுவும் துவைத்த மாதிரி தெரியவில்லை.

பிறவியிலேயே அவள் இப்படி இல்லை என்று அம்மா சொல்வாள். நகரத்தின் நடுவில் ஒரு பழைய கட்டடத்தில், மூன்றாவது மாடியில், சித்தியும் சித்தப்பாவும் குடியிருந்தார்கள். ஒருநாள் கட்டடக் கம்பெனியிலிருந்து ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். இடித்துக் கட்டப் போகிறோம், கட்டி முடித்ததும் உங்களுக்கு இங்கேயே வீடு, இதே வாடகை என்றார். சித்தப்பாவின் மூட்டுவலியைக் கூட விசாரித்தார். சித்தி டீ போட்டுக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். புதிய கட்டடம் எழும்பிய பிறகு அங்கே போனால், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சீருடை போட்டு நின்ற ஆள், "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டான். அதோடு சரி. பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்தில், இப்போது இருக்கிற இந்த வீட்டுக்கு வந்தார்கள். காலையில் எந்தப் பக்கத்திலிருந்து வெயில் வருகிறது என்பதே சித்தப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அதற்குப் பிறகுதான் சித்தி குடியிருப்போர் சங்கத்தில் சேர்ந்தாள். சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே இஸ்திரி போட்டால் மேலே தரை சுடும். செருப்பைக் கழற்றாமல் வருகிறவர்களை அங்கே யாரும் குறை சொல்வதில்லை. வீடு கேட்டு வருகிறவர்களிடம் சித்தி முதலிலேயே சொல்லிவிடுவாள்: "நாங்க வீடு தர்றவங்க இல்ல. வீட்டைப் பத்தின சட்டத்தை மாத்தச் சொல்லிக் கத்தறவங்க. கத்தத் தெரிஞ்சா உள்ளே வாங்க."

சங்கத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவள் வேலை கதவு தட்டுவது. இடிக்கப் போகிற கட்டடங்களுக்குப் போய், வீடு வீடாகப் பேசி, நகர மன்றத்தில் வந்து பேசத் தயாராக இருப்பவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். முன்பு பார்சல் கிடங்கில் வேலை பார்த்தவள். பார்த்து முடித்த பெட்டியின் கீழ்மூலையில் சாக்பீஸால் குறி போடுவது அங்கே வழக்கம். அதே பழக்கத்தைக் கதவுக்கும் கொண்டுவந்தாள். பேச ஒப்புக்கொண்ட வீட்டின் கதவு நிலையில், முழங்காலுக்குக் கீழே, ஒரு சின்ன வட்டம். ஆள் இல்லையென்றால் கோடு. முகத்தில் அறைந்த மாதிரி கதவைச் சாத்தினால் பெருக்கல் குறி. அடுத்து போகிறவர்கள் ஒரே வீட்டைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக. சங்கத்தில் எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. எல்லோர் பையிலும் சாக்பீஸ் இருந்தது.

நான் வந்த சமயம், நகர மன்றம் புதிய வீட்டுக் கொள்கைக்கு வரைவு எழுதிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பிரிவு சங்கம் பல வருடம் போராடிச் சேர்க்க வைத்தது: பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுகிறவர்கள், புதியதில் ஒரு பங்கு வீடுகளைப் பழைய குடித்தனக்காரர்களுக்கே கட்டுப்படியாகும் வாடகைக்குத் தர வேண்டும். வரைவுக் குழுத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். சங்கத்துக்காரர்கள் பேசிக் கேட்டாயிற்று, குடியிருக்கிறவர்கள் நேரில் வரட்டும், யாரும் வரவில்லை என்றால் யாருக்கும் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு அந்தப் பிரிவை நீக்கிவிடுவோம் என்று.

அடுத்து இடிபடப் போவது பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சாம்பல் நிறக் கட்டடம். சித்தி அங்கேதான் போய்வந்துகொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நானும் கூடப் போனேன்.

முதலில் ஒப்புக்கொண்டவர் இரண்டாவது மாடித் தையல்காரம்மா. "எனக்கென்ன பயம்? ஊசியையே வாயில வச்சுக்கிட்டுப் பேசறவ நான்" என்றார். இரண்டு நாள் கழித்துப் போனால், கதவுச் சங்கிலியை எடுக்காமலேயே, "என்னை விட்டுடுங்க அக்கா. உடம்பு சரியில்ல" என்றார். நாங்கள் தட்டும்வரை உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சித்தி வாயைப் பிடுங்கினாள். கட்டட மேனேஜர் வந்தாராம். பல மாதமாக ஒழுகிய குழாயை அன்றைக்கே ஆள் விட்டுச் சரிசெய்தாராம். புதிய கட்டடத்தில் முன்பக்கக் கடை உங்களுக்குத்தான், ஆனால் கூட்டத்துக்கெல்லாம் போக வேண்டாம், வெளியே யாரிடமும் சொல்லவும் வேண்டாம் என்றாராம்.

"பக்கத்து வீட்டுக்குப் போனாரா?"

"இல்லக்கா. நேரா என்கிட்டதான் வந்தாரு."

அடுத்த மாடியில் பேச ஒப்புக்கொண்டிருந்த கம்பவுண்டருக்கும் அதே கதை. அவர் வீட்டுக் கழிவறை புதிதாகப் பளபளத்தது. அவர் சித்தியின் கண்ணைப் பார்க்கவில்லை.

படி இறங்கும்போது சித்தி மெதுவாகச் சொன்னாள். "அத்தனை வீடு இருக்கு. நம்ம ஆளுங்க வீட்டுக் கதவை மட்டும் எப்படிக் குறிபார்த்துத் தட்டறான்? உள்ளேயிருந்து யாரோ சொல்றாங்க."

யார் என்பதையும் பஸ் வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள். சங்கத்துக்குப் பேனர் எழுதுகிற ஓவியர். எப்போதும் சிரித்த முகம். அவருடைய மச்சான் கட்டடக் கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். வேறென்ன வேண்டும்?

மறுநாள் ஓவியர் சங்க அறையின் தரையில் துணியை விரித்துக் கூட்டத்துக்கான பேனர் எழுதிக்கொண்டிருந்தார். சித்தி அவர் தலைக்கு மேல் போய் நின்றாள்.

"உங்க மச்சான் எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காருக்கா. என்ன திடீர்னு விசாரிக்கிறீங்க?"

"அடிக்கடி பேசுவீங்களோ?"

"தங்கச்சி புருஷன்கிட்டப் பேசாம இருக்க முடியுமா?"

"பேசுங்க, பேசுங்க. தையல்காரம்மா வீட்டுக் குழாயைப் பத்தியும் பேசினீங்களா?"

ஓவியருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுண்டிப்போனது. சங்கச் செயலாளர், "என்னம்மா இது, ஆதாரம் இல்லாம..." என்று இழுத்தார். ஓவியர் தூரிகையை டப்பாவில் போட்டார்.

"பதினோரு வருஷமா ஓசியில எழுதறேன்க்கா. டீக்குக்கூடக் காசு கேட்டதில்ல."

"அதுதான் எனக்கும் சந்தேகம்" என்றாள் சித்தி.

அவர் போய்விட்டார். பேனரில் "எங்கள் தெருவில் எங்களுக்கும்" என்பது வரைக்கும்தான் இருந்தது. அன்றைக்குச் சங்கத்தில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

ஓட்டை அடைபட்டது என்று சித்தி தெம்பாக இருந்தாள். மேல்மாடியில் இருந்த நர்ஸைச் சம்மதிக்க வைத்தாள். செயலாளரிடம்கூடச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் தெரியும். கூட்டத்துக்கு முந்தின வாரம் நர்ஸ் போன் செய்து, தனக்கு அன்றைக்கு டியூட்டி மாறிவிட்டது என்றாள்.

போனை வைத்த சித்தி என்னையே பார்த்தாள். தட்டில் சாப்பாடு போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"உன் போனைக் கொடு."

"சித்தி!"

"ராத்திரி யாரோடயோ புரியாத பாஷையில பேசிக்கிட்டிருந்தியே, யாரு அது?"

"கூட வேலை பார்த்தவ. பிறந்தநாள் வாழ்த்துதான்."

"உனக்கு எப்ப பிறந்தநாள்னு எனக்குத் தெரியாதா?"

"அவளுக்குப் பிறந்தநாள். நான் சொன்னேன், அவ நன்றி சொன்னா. போதுமா?"

போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் ரோஷம் வந்தது. நர்ஸிடம் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று சித்தியை இழுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்தோம்.

நர்ஸ் வீடு பூட்டியிருந்தது. தட்டிக்கொண்டு நின்றபோது, கையில் கருவிப் பையோடு ஒரு பிளம்பர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். எங்களைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து கதவு நிலையை உற்றுப் பார்த்தார்.

"ஆங், வட்டம் இருக்கு. இதுதான். நீங்க ஆபீஸ்ல இருந்து வந்தவங்களா மேடம்?"

"எந்த ஆபீஸ்?" என்றாள் சித்தி.

"மேனேஜர் ஆபீஸ். வட்டம் போட்ட வீட்டுக்கு மட்டும் வேலை செஞ்சாப் போதும்னு சொல்லியிருக்காரு. பெருக்கல் போட்ட வீட்டுல கூரையே விழுந்தாலும் எட்டிப் பார்க்க வேண்டாமாம். யாரு போட்டதோ, நல்லா விவரமாப் போட்டிருக்காங்க. எனக்கு அலைச்சல் மிச்சம்."

சித்தி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். என் பக்கம் திரும்பவில்லை. பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, அதுதான் தன்னைப் பற்றிக் கோள் சொன்னது போல வெறித்துப் பார்த்தாள்.

"அழிச்சுடலாமா சித்தி?" என்றேன்.

"அழிச்சா அவனுக்குத் தெரிஞ்சுடும்" என்றாள். பிறகு எழுந்து, எதிர்வீட்டு நிலையில் இருந்த பெருக்கல் குறியை முந்தானையால் துடைத்துவிட்டு, அதே இடத்தில் வட்டம் போட்டாள். அடுத்த வீட்டிலும் போட்டாள். நாய் குரைத்த வீடு, தண்ணீரைக் காலில் ஊற்றிய வீடு, எல்லாவற்றுக்கும் ஒரு வட்டம். பிளம்பர் பையைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, எல்லா வீடுமா மேடம்? நான் ஒத்தை ஆளு!" என்று பின்னாலேயே வந்தார்.

அடுத்த சில நாட்களில் அந்தக் கட்டடத்தில் மழைக்குக்கூட அசையாத மேனேஜர் மாடி மாடியாக ஏறி இறங்கினார். ஒழுகாத குழாயை எல்லாம் கழற்றி மாட்டினார்கள். கதவைச் சாத்தியவர்களுக்கு இப்போது தூக்கம் போய்விட்டது. இந்த ஆள் ஏன் திடீரென்று நல்லவராகிவிட்டார்? யாரிடமும் சொல்லாதே என்று ஏன் சொன்னார்? தண்ணீர்த் தொட்டியடியில் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்து, பேச்சு முற்றியதில் விஷயம் உடைந்தது. முன்பக்கக் கடையைத் தையல்காரம்மாவுக்குக் கொடுத்த மாதிரியே, கம்பவுண்டருக்கும் நர்ஸுக்கும் இன்னும் பலருக்கும் கொடுத்திருந்தார்.

"ஒரே கடைக்கு இத்தனை பேரா? எங்களை என்ன, ஒருத்தர் மடியில ஒருத்தர் உட்காரச் சொல்றானா?" என்று தையல்காரம்மா சங்கப் படியேறி வந்து கத்தினார். அவர் தனியாக வரவில்லை.

இதற்கு நடுவில் சித்தி ஓவியர் வீட்டுக்குப் போனாள். நான் தெருவில் நின்றேன். ஓவியர் கதவைப் பாதிதான் திறந்தார். சித்தி ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். ஓவியர் சிரிக்கவே இல்லை. "இப்ப என்கிட்ட என்ன வேணும்? எதுக்கு வந்தீங்க?" என்று அவர் கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது.

கூட்டத்தன்று நகர மன்ற அறையில் நாற்காலி போதவில்லை. பெருக்கல் குறி வீட்டுக்காரர்கள்தான் அதிகம் பேசினார்கள், அதிகம் திட்டினார்கள். சித்தி பாதி எழுதிய பேனரைப் பின்சுவரில் ஓரமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு எழுதி வாங்கலாம் என்று செயலாளர் சொன்னதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "எங்களுக்கும்? அப்புறம்? மீதி எங்கேம்மா?" என்று கேட்டார்.

"எழுதறவரை நான் துரத்திட்டேன்யா. அவர் மேல தப்பில்ல" என்றாள் சித்தி, அத்தனை பேர் முன்னால்.

அந்தப் பிரிவு இப்போதைக்கு வரைவிலேயே இருக்கும் என்று தலைவர் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சித்தி மட்டும் என் தோளை இடித்து, "அந்த ஆள் ஏன் 'இப்போதைக்கு'ன்னான்?" என்றாள்.

மறுவாரம் சங்க அறையைத் திறந்தால் பேனரைக் காணோம். சித்திக்கு மூக்கு வியர்த்துவிட்டது. சாவி யார் யாரிடம் இருக்கிறது, கடைசியாகப் பூட்டியது யார் என்று செயலாளரைக் குடைய ஆரம்பித்தாள். கீழேயிருந்து சலவைக்காரர் குரல் கொடுத்தார்.

"உங்க ஓவியர்தான் எடுத்துக்கிட்டுப் போனாரும்மா. பெயிண்ட் வாங்கப் போறேன்னு சொன்னாரு."

சித்தி செயலாளரை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அவன் எதுக்கு எடுத்துக்கிட்டுப் போனான்? என்ன உள்நோக்கம்?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடினாள். வாசலில் நின்று, "நீயும் வா. நான் தனியாப் போனா கதவைத் திறக்க மாட்டான்" என்று என்னைக் கூப்பிட்டாள். போகிற வழியில் கடையில் நின்று ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கினாள். கையில் வைத்துப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாளோ, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு டப்பா நீல பெயிண்ட் வாங்கிக்கொண்டாள்.