கொம்பூதும் பெண்ணுக்காக அழுத அப்பா

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், டென்மார்க்கில், ஒடென்சே நகரில் என் வீட்டுச் செற்றியில் சாய்ந்து உட்கார்ந்தபடி, அப்பா ஒரு கார்ட்டூன் பெண்ணுக்காக அழுதார். நான் தேத்தண்ணீரோடு அறைக்குள் வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் ஏதோ சுகமில்லை என்றுதான் நினைத்தேன். அம்மாவின் செத்தவீட்டில்கூட நேராக நிமிர்ந்து நின்று வந்தவர்களுக்குக் கைகொடுத்த மனிதர் அவர். என் மகன் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, படத்தை நிறுத்தி, அம்மப்பா அழுகிறார் என்று எனக்கு டேனிஷில் செய்தி வாசித்தான்.

அவன் சில காலமாக விழுந்து விழுந்து பார்க்கும் தொடர் அது. பறவைநாகங்களும் மந்திரக் கற்களும் பனிமலைக் கோட்டையும் நிறைந்த கற்பனை உலகம். வழக்கமாக ஒவ்வொரு பகுதியிலும் யாராவது யாரையாவது வெட்டிச் சாய்ப்பார்கள். அன்றைய பகுதியில் ஒரு வாள்கூட உறையை விட்டு வெளியே வரவில்லை. விடிந்தால் எதிரிப்படை கோட்டைக்கு வந்துவிடும். அதற்கு முதல்நாள் மாலை மட்டும்தான் முழுக்கதையும். கோபுரத்தில் நின்று கொம்பூத வேண்டிய ஒரு பெண். பதினாறு வயது இருக்கலாம். அவள் ஊதினால்தான் கீழே கதவை இழுத்துச் சாத்துவார்கள். அவளோ கொம்பை வாயில் வைக்கிறாள், வெறுங்காற்றுத்தான் வருகிறது. கை நடுங்குகிறது. குதிரை லாயத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுக்கிறாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காதவள் மாதிரி மற்றவர்களோடு உட்காருகிறாள்.

தொடரிலேயே ஆகச் சிறந்த பகுதி இதுதான் என்பது மகனின் தீர்ப்பு. பள்ளிக்கூடத்தில் ஆசிரியையும் அதைப் பற்றிக் கதைத்தாராம். இந்த நாட்டில் பயத்துக்கு நல்ல மரியாதை இருக்கிறது. பாலர் பள்ளியிலிருந்தே பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, பயம் உனக்கு வயிற்றில் வருகிறதா நெஞ்சில் வருகிறதா என்று கேட்பார்கள். கேட்கட்டும், நல்லதுதான். ஆனால் அன்றைக்கு அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“பாவம் பிள்ளை. சண்டைக்கு முன்னம் ஆருக்கும் பயம் வரும்தானே,” என்றார்.

இதே கதையை இன்னொரு மனிதர் எங்களுக்கு முன்னால் ஒருமுறை சொன்னார். அவர் கார்ட்டூன் அல்ல. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, என் மாமா.

மாமா டென்மார்க்குக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது கடந்திருக்கும். யூலாந்தில் ஒரு சிறிய ஊரில் இருந்தோம். அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரே மண்டபத்துக்குள் அடங்கிவிடும். மாமா ஊரில் இயக்கத்தில் இருந்தவர், சண்டைக்குப் போனவர், முழங்காலில் காயப்பட்டு வெளியே வந்தவர் என்பது அவருடைய பெட்டி வந்து சேரும் முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதைப் பரப்பியவர் அப்பாதான். அப்பா சண்டை தொடங்கிய காலத்திலேயே ஒரு முகவரைப் பிடித்து விமானம் ஏறியவர், துவக்கைத் தொட்டதில்லை. பயத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பனி உறைந்த வீதியில் கார் ஓட்டுவதுதான். அதனாலோ என்னவோ, ஒரு போராளி தன் வீட்டில் சாப்பிட்டு, தன் வீட்டில் படுப்பது அவருக்குப் பெரிய கௌரவமாக இருந்தது. சனிக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள். மாமாவை நடுவில் இருத்தி, “சொல்லு தம்பி” என்பார்கள். மாமா சிரிப்பார். காலை நீட்டி மடக்கிக்கொண்டு, இங்கே கிடைக்கிற மீன் ஏன் சப்பென்று இருக்கிறது என்று கதையைத் திருப்பிவிடுவார். அது தன்னடக்கம் என்று எல்லாரும் இன்னும் மெச்சினார்கள்.

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வருடம்தோறும் பேச்சுப்போட்டி நடக்கும். தலைப்புப் பெரும்பாலும் ஒன்றுதான்: வீரம். அப்பா போன்றவர்கள் எழுதிக்கொடுப்பதை நாங்கள் மனப்பாடம் செய்து, கையை உயர்த்தவேண்டிய இடத்தில் உயர்த்தி, குரலை நடுங்கவைக்கவேண்டிய இடத்தில் நடுங்கவைத்து ஒப்புவிப்போம். அர்த்தம் பாதி விளங்காது. வெளியே டேனிஷ் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே நாங்கள் மார்பில் வேல் தாங்கிக்கொண்டிருப்போம். மாமா வந்த வருடம் நிர்வாகத்தில் அப்பாவும் ஒருவர். சிறப்பு விருந்தினராக மாமாவைக் கூப்பிட்டார்கள். மாமா வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியதை நான் சமையலறையில் இருந்து கேட்டேன். “இரண்டு வார்த்தை சொல்லிப்போட்டு இறங்கு, பிள்ளையளுக்கு ஒரு உற்சாகம்,” என்று அப்பா முடித்துவிட்டார்.

அன்றைக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் மேடையில் ஏறினேன். அங்கே நின்றதும் எல்லாம் போய்விட்டது. முதல் வரி மட்டுமல்ல, வணக்கம்கூட வரவில்லை. பாவாடைச் சரிகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் ஆடியது முன்வரிசையில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். அப்பா முன்வரிசையில் இருந்து உதட்டை அசைத்து வரியை எடுத்துக்கொடுத்தார். அவருடைய முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் மறந்தது. யாரோ இரண்டு பையன்கள் சிரித்தார்கள். கடைசியில் ஓர் அக்கா வந்து என் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு மாமாவைப் பேசக் கூப்பிட்டார்கள். அவர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். பிறகு மண்டபத்தைப் பார்க்காமல், ஓரத்தில் அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்து, செல்லப் பெயரால் கூப்பிட்டுக் கதைக்கத் தொடங்கினார்.

“அம்மாச்சி, அழாதையுங்கோ. நானும் நடுங்கினனான். சண்டைக்கு முதல்நாள் எனக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும். சாப்பாடு இறங்காது. துவக்குப் பிடிக்கிற கை இப்பிடி ஆடும். ஒருக்கா காற்சட்டையோடையே மூத்திரம் போயிட்டுது. பக்கத்தில நிண்டவனுக்கும் அப்பிடித்தான். நாங்கள் ஆளையாள் பாத்துச் சிரிச்சனாங்கள். பயம் ஒவ்வொரு தரமும் வந்தது. ஒருநாளும் வராமல் இருக்கேல்லை.”

பிள்ளைகள் சிரித்தோம். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பெரிய மனிதர் ஒருவர் மூத்திரம் போன கதையை எங்களுக்குச் சொல்கிறார். இதைவிட வேறென்ன வேண்டும்? எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இன்றைக்கு நான் முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறேன். சத்திரசிகிச்சைக்குப் போகுமுன் நடுங்குகிற கிழவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு எதையாவது சொல்கிறபோது, என் வாயில் வருவது அன்றைக்கு மாமா கதைத்த தொனிதான்.

ஆனால் பெரியவர்கள் சிரிக்கவில்லை. அப்பா எழுந்து போய் மாமாவின் கையில் இருந்து ஒலிவாங்கியை வாங்கினார். பறித்தார் என்று சொல்லமுடியாது, சிரித்த முகத்தோடுதான் வாங்கினார். “மச்சானுக்குக் கொஞ்சம் சுகமில்லை. மருந்து எடுக்கிறவர். நீங்கள் ஒண்டும் நினைக்காதையுங்கோ,” என்று சபைக்குச் சொன்னார். மாமா எந்த மருந்தும் எடுக்கவில்லை. முழங்காலுக்கு எண்ணெய் பூசுவார், அவ்வளவுதான்.

காரில் வரும்போது அப்பா முன்கண்ணாடியைப் பார்த்தபடி கத்தினார். “உனக்கு வேற கதை கிடைக்கேல்லையோ? பயந்த கதையையோ சபையில சொல்லுறது? நீ பயந்தனி எண்டால் அதை உன்ரை வாய்க்குள்ள வைச்சிருந்திருக்கலாம். நாங்கள் இஞ்சை ஆக்களுக்கு முன்னால முகம் காட்டிறதில்லையோ?”

“அத்தான், பிள்ளை நடுங்கிக்கொண்டு நிண்டது. அதுதான் சொன்னனான்,” என்றார் மாமா. அம்மா பின் ஆசனத்தில் என்னை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. யாரும் மாமாவை அடிக்கவில்லை, ஏசவில்லை. சனிக்கிழமைகளில் ஆட்கள் வருவது நின்றது. காயப்பட்டு வெளியே வந்தவன் அல்ல, பயத்தில் ஓடி வந்தவன் என்று ஒரு கதை உலாவியது. முழங்காலை மரத்திலிருந்து விழுந்து உடைத்தவன் என்று இன்னொரு கதை. நோர்வேயில் அவருக்குப் பேசியிருந்த சம்பந்தம், பெண்வீட்டார் போனை எடுக்காமலே முறிந்தது. சண்டையில் செத்த போராளிகளுக்கான நவம்பர் மாத நினைவுநாளுக்கு விளக்கேற்ற மாமா போனபோது, வரிசையில் அவருக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் கொஞ்சம் விலகி நின்றார்களாம். அந்த விளக்குகளில் அவரோடு பக்கத்தில் நின்று சிரித்தவனுக்கான விளக்கும் ஒன்று. அங்கே நின்றவர்களில் அவனைத் தெரிந்த ஒரே ஆள் மாமாதான். அதன் பிறகு அவர் போகவில்லை.

கோடையில் அப்பா அவரை வேறு இடம் பார்க்கச் சொன்னார். கொமுன என்கிற நகரசபை பிரெடெரிசியா என்ற ஊரில் ஓர் அறை ஒழுங்குசெய்து கொடுத்தது. அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, கடைசிவரை அதே ஊரில் தனியாகவே இருந்தார். அம்மா மாதத்துக்கு ஒருமுறை கறி சமைத்துப் பாத்திரத்தில் கட்டிக்கொண்டு ரயிலில் போய்வருவாள். அப்பா ஒருநாளும் எங்கே போகிறாய் என்று கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லவேண்டி வந்திருக்கும். பிறகு நானும் போகத் தொடங்கினேன். மாமா என்னோடு மீனைப் பற்றியும், முழங்காலைப் பற்றியும், என் வேலையைப் பற்றியும் கதைப்பார். சண்டையைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை அவர் வாயில் இருந்து வரவில்லை. ஒருமுறை நானே கேட்டேன். “அதெல்லாம் சொல்லிப் பாத்தாச்சுத்தானே, அம்மாச்சி,” என்று சொல்லிவிட்டு எழுந்து யன்னலைத் திறந்தார்.

முந்தின குளிர்காலத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள், அது ஒரு நன்மை. முப்பத்தோராம் நாளுக்கு எங்கள் வழக்கப்படி நினைவு மலர் அடித்தார்கள். அதில் முதற்பக்கத்துக் கட்டுரை அப்பாவுடையது. அச்சம் என்ற சொல்லையே அறியாத வீரன், களத்தில் கலங்காத நெஞ்சன், தன் இல்லத்தில் வாழ்ந்து அதற்குப் பெருமை சேர்த்த மைத்துனன் என்றெல்லாம் எழுதியிருந்தார். செத்தவனைத் திரும்பவும் மேடையில் ஏற்றிவிட்டார்கள். அவர் இனி ஒன்றும் சொல்லமாட்டார் என்ற தைரியம். ஆட்கள் அதை வாசித்துத் தலையாட்டினார்கள், வடையும் சாப்பிட்டார்கள். எனக்கு அந்தக் கடதாசியைச் சுக்குநூறாகக் கிழிக்கவேண்டும் போல் இருந்தது; மாமாவின் படம் அதில் இருந்ததால் கிழிக்கவில்லை.

இப்படிப்பட்ட அப்பாதான் போன மாதம் என் செற்றியில் இருந்து, கோபுரத்தில் நடுங்கிய கார்ட்டூன் பெண்ணுக்காகக் கண்ணைத் துடைத்தார்.

மகன் படத்தை மீண்டும் ஓடவிடவில்லை. அவனுக்கு ஏதோ ஞாபகம் வந்துவிட்டது. மாமாவை அவன் சின்னவனாக இருந்தபோது பார்த்திருக்கிறான்; சண்டைக்குப் போனவர் என்பது மட்டும் தெரியும். அம்மப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டு, அந்த மாமாவுக்கும் இப்படிப் பயம் வந்ததா என்று டேனிஷில் கேட்டான்.

“அவனுக்கோ? அவனுக்குப் பயமெண்டால் என்னெண்டே தெரியாது,” என்றார் அப்பா தமிழில்.

மகன் பாதி விளங்காமல் என்னைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து எனக்கு இதுதான் வேலை. வைத்தியரிடம், கொமுனவில், வங்கியில், அப்பா சொல்வதை நான்தான் டேனிஷில் சொல்வேன். அவர் கோபமாகச் சொன்னதைப் பணிவாக்கியிருக்கிறேன், பிழையாகச் சொன்னதைத் திருத்தியிருக்கிறேன். அன்றைக்கு நான் மகனிடம், ஓம், அவருக்குப் பயம் வந்தது, ஒவ்வொரு தரமும் வந்தது, அவரே அதை எங்களுக்குச் சொன்னவர் என்று சொன்னேன்.

இத்தனை வருடம் டேனிஷ் தொழிற்சாலையில் வேலைசெய்தவருக்கு அது விளங்காமல் போகுமா? “அதை ஏன் இப்ப பிள்ளைக்குச் சொல்லுறாய்?” என்றார்.

மகனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கொம்பூதும் பெண்ணைப் போல ஒருவர் தன் சொந்தத்திலேயே இருந்திருக்கிறார். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, அம்மப்பாவின் கையைப் பிடித்து, “அவர் தனக்குப் பயம் என்று சொன்னபோது நீங்கள் அவருக்கு என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டான். நல்லதாக ஒன்றைக் கேட்கப்போகிற ஆவலோடுதான் கேட்டான்.

அப்பா, வைத்தியரின் மேசைக்கு முன்னால் திரும்புகிற மாதிரியே என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு,” என்றார்.

நான் பணிவாக்கித் தருவேன் என்று நம்பியிருப்பார். நான் சொன்னேன். மண்டபத்தில் ஒலிவாங்கியில் அவர் சொன்னதையும், காரில் கத்தியதையும், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் டேனிஷில் சொன்னேன். அந்தக் கோடையில் மாமாவை அனுப்பியதையும் சொன்னேன். அப்பா நிறுத்தி வைத்திருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் மகன் அவருடைய கையை விட்டான். எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எண்பதை நெருங்கும் கிழவரை அந்தப் பெரிய செற்றியில் தனியாக விட்டதற்கு நான் வெட்கப்பட்டிருக்கவேண்டும். இன்றுவரை எனக்கு வெட்கம் வரவில்லை.